நடப்பவர், ஓட்டுபவர், நாயோடு வருபவர்

(சிங்கப்பூரில் குடியிருப்பாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உட்காரும் முன்பே உங்களைக் கை தூக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யார் என்று கேட்டேன். பாதி அரங்கு கை தூக்கியது. பூங்கா இணைப்புப் பாதையில் நடக்கப் போகிறவர்கள் யார் என்றேன். அதே கைகள் மறுபடியும் எழுந்தன, கூடவே இன்னும் கொஞ்சம். நாய் வளர்க்கிறவர்கள் என்றதும் நான்கைந்து கைகள், சற்றுத் தயங்கித் தயங்கி. பின்வரிசையில் ஒருவர் மூன்று தடவையும் தூக்கினார். இன்றைய கூட்டத்துக்கு அவரே தலைமை தாங்கியிருக்கலாம்.

இதை முதலில் கேட்டதற்குக் காரணம் உண்டு. இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும், சைக்கிள்காரர்கள் என்று ஒரு சாதி, நடக்கிறவர்கள் என்று ஒரு சாதி, நாய்க்காரர்கள் என்று இன்னொரு சாதி என்பதுபோலத்தான் பேசுகிறோம். காலையில் நடந்தவர்தான் சாயங்காலம் ஓட்டுகிறார். இருக்கையில் ஏறி உட்கார்ந்தவுடன் முன்னால் நடப்பவர் இடைஞ்சலாகத் தெரிகிறார். இறங்கி நடந்தால் பின்னால் வருகிற சக்கரம் அடாவடியாகத் தெரிகிறது. மனிதர் ஒருவரேதான். வேகம் மாறியதும் நியாயமும் மாறிவிடுகிறது.

ஆகவே நான் பண்பாடு பற்றிப் பேசப் போவதில்லை. சிங்கப்பூரில் பண்பாட்டுப் பிரசாரத்துக்குப் பஞ்சமே இல்லை. எனக்குத் தோன்றுவது இது: பாதையில் நடக்கிற இந்தச் சண்டை குணத்தால் வருவதைவிட அகலத்தாலும் வேகத்தாலும் வருவது. அதை அறிவுரையால் தீர்க்கப் பார்த்து, பதினைந்து ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக அளவுகோலுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் நம் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். சாதாரண நடைபாதையில் 10. கேட்கும்போது இரண்டுமே சின்ன எண்கள். காரில் 25 என்றால் வாகன நிறுத்துமிடத்தில் இடம் தேடுகிற வேகம். ஆனால் 25 என்பது ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். முன்னால் ஒரு குழந்தை குறுக்கே வருவதைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆகும் என்று வையுங்கள். பிரேக் பிடிப்பதற்குள்ளேயே 7 மீட்டர் போய்விட்டது. பிடித்த பிறகு வண்டி நிற்க, உலர்ந்த தரையில் நல்ல பிரேக்கோடு, இன்னும் 6 மீட்டர். ஆக மொத்தம் 13 மீட்டர். அதே கணக்கை 10 கிலோமீட்டருக்குப் போட்டால் 4 மீட்டரில் நின்றுவிடலாம். மோதுகிற ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: 10இலிருந்து 25க்குப் போனால் மோதலின் ஆற்றல் இரண்டரை மடங்கு ஆவதில்லை, ஆறு மடங்குக்கு மேல் ஆகிறது. எழுபது வயதுக்காரரின் இடுப்பெலும்பு தாங்குமா தாங்காதா என்பது அந்த ஆறில் இருக்கிறது.

இன்னொரு விஷயம். வரம்பு 25 என்றால் 25இல் போகலாம் என்று பொருளாகாது. விரைவுச்சாலையில் 90 என்று போட்டிருப்பதால் அடைமழையில் 90இல் போவோமா? ஞாயிற்றுக்கிழமை காலை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில், வாடகை சைக்கிளில் தள்ளாடுகிற பிள்ளைகளுக்கு நடுவே 24இல் போய்விட்டு, “நான் சட்டப்படிதான் போனேன்” என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சட்டப்படி சரிதான், அங்கிள். பாதைப்படி சரியில்லை.

வேக வரம்பே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2022இல் ரீஜென்ட்ஸ் பூங்காவின் சுற்றுச்சாலையில், நாயோடு நடக்கப் போன 81 வயது மூதாட்டி சாலையைக் கடக்கையில், கூட்டமாக வேகப் பயிற்சியில் வந்த சைக்கிளோட்டிகளில் ஒருவர் மோதினார். அந்த அம்மா பிறகு இறந்துபோனார். அந்தச் சாலையில் கார்களுக்கு மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர், வரம்பு. சைக்கிள்கள் வந்தது அதற்கும் மேலான வேகத்தில். ஆனால் அந்த வரம்பு சைக்கிளுக்குப் பொருந்தாது. வழக்குத் தொடர வழியில்லை என்று போலிஸ் முடிவு செய்தது. 2024இல் மரண விசாரணை நடந்தபோதுதான் அந்த ஊரே இதைக் கவனித்தது. நம் 25ஐயும் 10ஐயும் நான் குறை சொல்வேன், ஆனால் எண் என்று ஒன்று இருப்பதைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி அகலம். நம் பூங்கா இணைப்புப் பாதைகள் எப்படி வந்தன தெரியுமா? 1990களின் தொடக்கத்தில், இந்த நெருக்கடியான தீவில் பூங்காக்களை ஒன்றோடொன்று சேர்க்க இடம் தேடியபோது, திட்டமிட்டவர்கள் கண்ணில் பட்டது கால்வாய்க் கரை. பெருங்கால்வாய்களின் ஓரத்தில் பராமரிப்புக்காக ஒதுக்கிய நிலம் நீளமாக, யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது. சாலையோர ஒதுக்கு நிலமும் அப்படித்தான். அதில் பாதை போட்டு மரம் நட்டார்கள். பீஷானிலிருந்து காலாங் ஆற்றோரமாகப் போகிற பாதை அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தது. இன்று இந்தப் பின்னல் 300 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அபாரமான யோசனை என்றே சொல்வேன். ஆனால் கால்வாய்க் கரையின் அகலத்தைத் தீர்மானித்தது மழைநீர், மனிதர்கள் அல்ல. ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி, மறுபக்கம் வேலி அல்லது புதர், நடுவில் மிச்சமிருக்கும் இடத்தில் மெதுவோட்டக்காரர், பிள்ளை வண்டி தள்ளும் தாய், சைக்கிள், சக்கர நாற்காலி, நாய். பீஷானில் இவற்றோடு நீர்நாய்க் குடும்பமும் சேர்ந்துகொள்ளும். அவற்றுக்குக் கயிறும் கட்ட முடியாது, இடப்பக்கமாகப் போகவும் சொல்ல முடியாது.

பூங்காவில் நிலைமை இப்படியென்றால், வீட்டுக்கு வெளியே இருக்கும் நடைபாதை இன்னும் குறுகல். 2007இல் தெம்பனிஸில் ஒரு சோதனை தொடங்கினார்கள்: நடைபாதையில் சைக்கிள் ஓட்டினால் என்ன ஆகும்? தொண்டூழியர்கள் நின்று வழிகாட்டினார்கள், அறிவிப்புப் பலகைகள் வைத்தார்கள். 2010இல் நடைபாதையில் சைக்கிளைச் சட்டபூர்வமாக அனுமதித்த முதல் நகரம் தெம்பனிஸ். சந்தைக்குப் போகிற ஆன்ட்டியும் தொடக்கப்பள்ளிப் பிள்ளையும் லாரி ஓடும் சாலையில் போவதைவிட இது மேல் என்பதுதான் நியாயம். அந்த நியாயம் இன்றும் எனக்குச் செல்லுபடியாகிறது.

கணக்கைக் கெடுத்தது மோட்டார். சந்தைக்குப் போகிற ஆன்ட்டியின் சைக்கிள், நடக்கிறவரைவிட இரண்டு மடங்கு வேகம் போகும், அவ்வளவுதான். மின்ஸ்கூட்டரோ மிதிக்கவே வேண்டாம். 2016இல் அரசாங்கத்தின் ஆலோசனைக் குழு நடைபாதைக்கு 15, பகிர்வுப் பாதைக்கு 25 என்று பரிந்துரைத்தது. 2017 ஜனவரியில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. 2018 மே மாதம் அது நடப்புக்கு வந்தது. ஓராண்டுகூட ஆகவில்லை, 2019 பிப்ரவரியில் 15ஐ 10ஆகக் குறைத்தார்கள். செப்டம்பரில் பிடோக்கில், சைக்கிளில் போன 65 வயது மாது மின்ஸ்கூட்டர் மோதி உயிரிழந்தார். நவம்பர் 5ஆம் தேதி மின்ஸ்கூட்டர் நடைபாதையில் ஏறவே கூடாது என்றாகிவிட்டது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. சட்டம் இவ்வளவு விரைவாகத் தன் பேச்சைத் தானே மாற்றிக்கொள்வது நம் ஊரில் அபூர்வம்.

அந்தத் தடையை நான் வரவேற்றேன். வரவேற்றவர்களில் பலர் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மின்ஸ்கூட்டரில் உணவு விநியோகம் செய்தவர்கள் சுமார் 7,000 பேர். ஒரு பொட்டலத்துக்கு இவ்வளவு என்று கூலி. மெதுவாகப் போனால் அடுத்த பொட்டலம் போச்சு. நாம்தான் மேலே உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் அந்தச் சின்ன வண்டிப் படம் நகர்வதைப் பார்த்து, “ஏன் இன்னும் வரலை” என்று சலித்துக்கொண்டோம். கீழே இறங்கியதும், “என்ன வேகத்தில் போறான் பாரு” என்று திட்டினோம். அரசாங்கம் 70 லட்சம் வெள்ளி உதவித் திட்டம் அறிவித்து, சைக்கிளுக்கோ மின்சைக்கிளுக்கோ மாற உதவியது. வண்டி மாறியது. பொட்டலக் கணக்குக் கூலி மாறவில்லை. பாதையில் ஒருவர் போகிற வேகத்தை அவர் குணம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

கடைசியாக 2025 ஜூலை 1. சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கும் நடைபாதைகளை ‘நடப்பவர்களுக்கு மட்டும்’ என்று ஆக்கினார்கள். சைக்கிள் அதில் ஏறக்கூடாது. மற்ற நடைபாதைகளில் பழையபடி 10 கிலோமீட்டரில் போகலாம். நடக்கிறவர் சைக்கிள் பாதையில் கால் வைத்தால் அபராதம் இல்லை; பக்கத்தில் நடக்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள். அநியாயம் என்று சைக்கிள் நண்பர்கள் என்னிடம் வாதாடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் தண்டனையா? ஆமாம், ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். நடக்கிறவர் தவறிச் சைக்கிள் பாதைக்குள் வந்தால் ஓட்டுகிறவருக்குக் கொஞ்ச நேரம் வீணாகும். ஓட்டுகிறவர் தவறி நடைபாதைக்குள் வந்தால் வீணாவது வேறு. பிரிட்டனும் 2022இல் தன் சாலை விதித் தொகுப்பைத் திருத்தி இதையே எழுதிவைத்தது: அதிகத் தீங்கு செய்யக்கூடியவருக்கு அதிகப் பொறுப்பு, லாரி, கார், சைக்கிள் என்று இறங்கி, நடக்கிறவர் கடைசியில்.

இங்கே ஒரு தமிழ்க் கவலை எனக்கு உண்டு. கிராஞ்சியிலும் துவாஸிலும் தங்கும் விடுதிகளில் இருக்கும் நம் ஊழியர்கள். ராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்தவர்கள், பங்ளாதேஷிகள். விடுதிக்கும் வேலையிடத்துக்கும், விடுதிக்கும் மளிகைக் கடைக்கும் சைக்கிள்தான். கைமாறிக் கைமாறி வந்த பழைய வண்டி, கைப்பிடியில் இரண்டு பக்கமும் பை. அந்தப் பக்கத்துச் சாலையில் ஓடுவதோ கான்கிரீட் லாரியும் டிரெய்லரும். நடைபாதையில் ஓட்டாதே என்று அவர்களிடம் சொல்லலாம், ஆனால் சைக்கிள் பாதை எங்கே என்று அவர்கள் கேட்டால் பதில் இருக்க வேண்டும். புதிய விதி, சைக்கிள் பாதை இருக்கும் இடத்தில்தான் பொருந்துகிறது என்பது நியாயமான அமைப்பு. 2030க்குள் 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை என்பது இலக்கு. அதில் எவ்வளவு குடியிருப்புப் பேட்டைகளில் விழுகிறது, எவ்வளவு தொழிற்பேட்டைகளில் விழுகிறது என்று நம்மில் யாராவது கேட்கிறோமா? நமக்குச் சுற்றுலாச் சைக்கிள்தான் கண்ணில் படுகிறது.

நாய்க்கு வருகிறேன். கை தூக்கிய நான்கைந்து பேரும் பயப்பட வேண்டாம்.

பொது இடத்தில் நாய்க்குக் கயிறு கட்டியாக வேண்டும் என்பது இங்கே சட்டம். அநேகமாக எல்லாரும் கட்டுகிறார்கள். பிரச்சினை கயிற்றின் நீளத்தில் இருக்கிறது. பிடிக்குள் சுருண்டு, இழுக்க இழுக்க நீள்கிற கயிறு ஒன்று விற்கிறதே, அதைச் சொல்கிறேன். ஐந்து மீட்டர் வரைகூடப் போகும். மெல்லிய நாடா, சிலதில் வெறும் நூல். இனி இந்தக் காட்சியை நிதானமாகப் பாருங்கள். மாலை ஏழேகால், விளக்கு இப்போதுதான் எரிந்திருக்கிறது. பாதையின் வலது ஓரத்தில் ஒரு பெண், காதில் இயர்போன், ஊரில் உள்ள பிள்ளையோடு காணொளியில் பேசிக்கொண்டிருக்கிறார். இடது பக்கப் புல்லில் நாய் மோப்பம் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பாதை வெறுமையாகத் தெரிகிறது. பின்னால் வருகிற சைக்கிளோட்டி அவரைப் பார்க்கிறார், நாயைப் பார்க்கிறார், நடுவே தாராளமாக இடமிருக்கிறது என்று கணக்குப் போடுகிறார். முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டின நூல் மட்டும் அவர் கண்ணில் படவில்லை. சக்கரத்தில் சிக்கினால் விழுகிறவர் ஓட்டுபவர், இழுபடுவது நாய், விரலில் வெட்டு வாங்குவது அந்தப் பெண். மூவரில் யாரும் சட்டத்தை மீறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊரில் சாயங்கால நாய்நடை பெரும்பாலும் பணிப்பெண்களின் வேலை. நாய் அவருடையதல்ல, கயிறு அவர் வாங்கியதல்ல, ஒரு நாளில் வீட்டை விட்டு வெளியே வந்து தன் பிள்ளையோடு பேசக் கிடைக்கிற அரைமணி நேரம் அது. அவரைப் பார்த்துக் கத்தும் முன் வீட்டுக்கார அம்மாவிடம் போய் இரண்டு மீட்டர் சாதாரணக் கயிறு வாங்கச் சொல்லுங்கள். நீளும் கயிறு புல்வெளிக்கும் நாய் ஓடும் களத்துக்கும் சரி. பாதையில் பிடியைப் பூட்டி, நாயைத் தன் பக்கமாக, புல் இருக்கும் ஓரத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும். நாயும் ஆளும் ஒரே பக்கத்தில்: இதற்குமேல் நாய்க்காரர்களிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

மணி பற்றிப் பேசாமல் முடித்தால் என்னை விடமாட்டீர்கள். பிரிட்டனில் 1888இல் வந்த ஒரு சட்டம் சைக்கிளை வண்டி என்று அங்கீகரித்தது. அதே சட்டம் ஒரு நிபந்தனையும் போட்டது: நடப்பவரையோ வண்டியையோ குதிரையையோ கடந்து செல்லும் முன், போதிய தூரத்திலேயே, மணியாலோ ஊதலாலோ கேட்கும்படி எச்சரிக்க வேண்டும். 1930இல் அதை எடுத்துவிட்டார்கள். விதி போய்விட்டாலும் அதிலிருந்த ‘போதிய தூரத்திலேயே’ என்பதில் முழு விஷயமும் இருக்கிறது.

நம்மவர்கள் மணியை எங்கே அடிக்கிறார்கள்? முதுகுக்குப் பின்னால் வந்து, இரண்டு மீட்டரில். அது எச்சரிக்கை இல்லை, அதிர்ச்சி. கேட்டவர் என்ன செய்வார்? திரும்பிப் பார்ப்பார். திரும்பும்போது உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் கால் ஓர் அடி விலகும். பாதிப் பேர் வலப்பக்கம், பாதிப் பேர் இடப்பக்கம். கணவன் மனைவி சேர்ந்து நடந்தால் இன்னும் அழகு: அவர் இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம், பிறகு ஒருவரையொருவர் காப்பாற்ற இருவரும் நடுவுக்கு. பத்துப் பதினைந்து மீட்டர் முன்பே ஒரே ஒரு மெல்லிய அடி, பிறகு மிதிப்பதை நிறுத்தி அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது, ஒதுங்கியதும் நடைவேகத்தில் கடப்பது. மணி அடித்தாயிற்று, இனி அவர் பாடு என்று நினைப்பதுதான் தவறு. காது கேளாதவர் இருக்கலாம். பாட்டுக் கேட்கிறவர் இருக்கலாம், அது குற்றமில்லை. நாய்க்கு மணி என்றால் என்னவென்றே தெரியாது. என்னைக் கேட்டால், வாயைத் திறந்து, “அங்கிள், வலது பக்கம் வரேன்” என்பது எந்த மணியையும்விட மேல். குரலில் ஆள் இருக்கிறார் என்று தெரியும், எந்தப் பக்கம் என்றும் தெரியும்.

கேள்வி நேரத்தில் வரப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். “மின்ஸ்கூட்டருக்குப் பதிவு எண் கேட்கிறார்களே, சைக்கிளுக்கும் நம்பர் பிளேட் வைத்தால் என்ன?” ஒரு காலத்தில் இந்த ஊரில் சைக்கிளுக்கும் எண் தகடு இருந்தது, பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். 2021இல் மறுபடி இந்தக் கோரிக்கை எழுந்தபோது ஆலோசனைக் குழு ஆராய்ந்து, சைக்கிளுக்கு உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நானும் அந்தப் பக்கம்தான். தகடு வைத்தால் மோதிவிட்டு ஓடுகிறவரைப் பிடிக்கலாம், அது உண்மை. மோதலைத் தடுக்காது. தடுப்பதற்கு நாம் கேட்க வேண்டியது வேறு: நம் வட்டாரத்தில் புதிதாகப் பாதை போடும்போது, பேருந்து நிறுத்தத்தின் பின்பக்கம், மேம்பாலத்துக்கு அடியில், திருப்பத்தில் புதர் மறைக்கும் இடத்தில், அங்கே எத்தனை மீட்டர் அகலம் விடுகிறார்கள்? மற்ற இடமெல்லாம் அகலமாக இருந்து அந்த மூன்று இடத்தில் மட்டும் குறுகினால், மூன்று இடத்திலும் யாராவது விழுவார்கள். குறுகலைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் சைக்கிளோட்டி இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும், ஐம்பது மீட்டருக்கு. நானும் ஓட்டுகிறவன்தான், இறங்க எனக்கும் பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன்.

வட்டாரத் திட்ட வரைபடம் வெளியே மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறார்கள். போகும்போது உங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட இடம் இருந்தால் வட்டம் போட்டுவிட்டுப் போங்கள். இப்போது கேள்விகள். மூன்று தடவையும் கை தூக்கியவரிடமிருந்து தொடங்கலாமா?